இரண்டு நிமிடம் பதினாறு செக்கன்

02.06.2025, திங்கள்

காருக்கு ஏர் ஃபில்டர் மாற்றினேன். நானே.

நேற்று மெக்கானிக் காளியப்பன் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தான். ஞாயிறென்றால் எங்கள் தொடர்மாடியின் பார்க்கிங்கில் வைத்தே ஆறேழு கார்களைப் பார்த்துவிட்டுப் போவான். என்னுடையதைச் சேர்விஸ் செய்து, எஞ்சினுக்குக் காற்று விடுகிற த்ரொட்டிலைக் கழற்றிக் கழுவிப் பூட்டினான். ஃபில்டர் கறுத்துப்போய்க் கிடக்கிறது, வாங்கி வைத்தால் அடுத்த ஞாயிறு போட்டுத் தருகிறேன் என்றான். நாலு கிளிப் கழற்றுகிற வேலைக்கு ஒரு கிழமை காத்திருக்க நான் என்ன விசரனா? முப்பத்திரண்டு வருடம் இன்சூரன்ஸில் மோட்டார் கிளெய்ம் பார்த்தவன். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் வாங்கி வந்தேன். புதுச் சாமான் என்றபடியால் வழக்கம்போல மூன்று குறி திருநீறு, தாராளமாகவே இழுத்து, கும்பிட்டுப் பூட்டினேன். பத்து நிமிடம்.

நேசமலர் பால்கனியில் நின்று பார்த்துச் சிரித்தாள். மனிசிக்கு நான் செய்கிற வேலை எல்லாம் பகிடி.

05.06.2025, வியாழன்

இந்தக் காருக்கு என்ன கேடு?

சிக்னலில் நிற்கும்போது ரேஸ் தானாக ஏறுகிறது, தானாக இறங்குகிறது. நான் காலை எடுத்துவிட்டுத்தான் இருக்கிறேன். டாஷ்போர்டில் எஞ்சின் வேக முள் ஆயிரத்து ஐந்நூறுக்குப் போகிறது, ஐந்நூறுக்கு விழுகிறது, கார் முழுக்க உதறுகிறது. குளிர்காய்ச்சல் வந்த ஆள் மாதிரிக் கிடந்து நடுங்குது என்றாள் நேசமலர். பக்கத்துத் த்ரீவீல்காரன் திரும்பிப் பார்த்தான்.

ஞாயிறு வரைக்கும் நன்றாக ஓடிய கார். யார் கை வைத்தது? காளியப்பன். வேறு யார்?

07.06.2025, சனி

எழுத மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மரைன் டிரைவுக்குப் போகிற ஒழுங்கையில், ரயில் கடவையில், தண்டவாளத்துக்கு மேலேயே எஞ்சின் நின்றுவிட்டது. மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. ஸ்டார்ட் பண்ணுகிறேன், பிடிக்கிறது, உதறுகிறது, நிற்கிறது. நேசமலருக்குச் சீட் பெல்ட் கழரவில்லை. கடவைக்காரன் சிங்களத்தில் பேசாத பேச்செல்லாம் பேசினான். ரோட்டில் போன இரண்டு பேர் ஓடிவந்து தள்ளிவிட்டார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர, ரயில் போனது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தொடர்மாடி வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டேன். இரண்டு நிமிடம் பதினாறு செக்கன். காளியப்பன் என் நல்ல த்ரொட்டிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு உக்கின பழசைப் பூட்டிவிட்டான், இப்படி நூறு கேஸ் நான் பார்த்திருக்கிறேன், அவன் செய்த கள்ளவேலையில் இன்றைக்கு இரண்டு உயிர் போயிருக்கும் என்று. வேறு ஒன்றும் சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை.

பிறகு தொடர்மாடிச் சங்கச் செயலாளர் என்ற முறையில் லிஃப்டுக்குள் நோட்டீஸும் ஒட்டினேன். வெளி மெக்கானிக்குகளுக்கு அனுமதி இல்லை.

08.06.2025, ஞாயிறு

காலை ஏழு மணிக்குக் காளியப்பன் வந்தான். வாட்சர் இராமர் கேற்றிலேயே மறித்துவிட்டான். மறிக்கச் சொன்னது நான். பால்கனியில் துணிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சாமான் பையை நிலத்தில் வைத்துவிட்டு நின்றான். நாலு தரம் எனக்குப் போன் எடுத்தான். நான் எடுக்கவில்லை. முக்கால் மணித்தியாலம் நின்றுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

குழுவில் பதினொரு பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள். நேற்று அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கு அவ்வளவு இல்லை.

நேசமலர் சமைத்து முடித்துவிட்டு வந்து எனக்கு முன்னால் நின்றாள். "காரைப் பற்றி என்னவும் சொல்லியிருக்கலாம். தேயிலைத் தோட்டத்து ஆக்கள் எண்டால் இப்பிடித்தான், நம்பேலாத சாதி எண்டு ஏன் சொன்னனீங்கள்? நான் ஹட்டனிலை ஆறு வருஷம் அந்தப் பிள்ளையளுக்குத்தான் படிப்பிச்சனான்."

சொன்னேன். ஓம், சொன்னேன். நேற்று எழுதாமல் விட்டது அதுதான்.

10.06.2025, செவ்வாய், போயா விடுமுறை

அவள் கதைக்கவில்லை. ரீவி மட்டும் கதைத்தது.

11.06.2025, புதன்

வெட்கம். வேறு சொல் வரவில்லை.

பாமன்கடையில் அகீல் என்பவரின் கராஜுக்குக் கொண்டுபோனேன். கம்பியூட்டர் போட்டுப் பார்க்கிறவர், நாற்பது வயது இருக்கும். போனதும் பழைய கிளெய்ம் ஒஃபிசர் குரலில் அவருக்கு விளக்கம் கொடுத்தேன். த்ரொட்டிலை மாற்றிவிட்டான், அதைப் பாரும் என்றேன். அவரும் அதையே முதலில் கழற்றி, டோர்ச் அடித்து, இலக்கத்தையும் பார்த்தார். வண்டியோடு வந்த ஒரிஜினல்தான், கழுவின ஆள் நல்ல வேலைக்காரன் என்றார். எனக்குக் காது சுட்டது.

எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் பைப்புகளில் ஸ்பிரே அடித்து, எங்கேயாவது வெடிப்பால் காற்று இழுக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பிறகு ஃபில்டர் பெட்டியோடு இருக்கிற சென்சரின் வயரைப் பிடுங்கினார். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றுப் போகிறது என்று அளக்கிற சாமான் அது. பிடுங்கியதும், ஒரு கிழமையாக உதறிய எஞ்சின் அப்படியே அடங்கிப்போனது. சென்சரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மயிர் போல ஒரு கம்பி. அதில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பெட்டியைத் திறந்தார்.

"என்னா அங்கிள் இது, மாவா?"

ஃபில்டரின் மேல்பக்கத்தில் மூன்று குறி. விரல் இழுத்த அடையாளம்கூட அழியவில்லை. மேல்பக்கம்தான் எஞ்சினுக்குக் காற்றுப் போகிற பக்கமாம். வெளித்தூசியைத் தடுக்கத்தான் ஃபில்டர், உள்பக்கத்தில் நாமே தூசியைப் போட்டால் அது என்ன செய்யும் என்று கேட்டார். அந்தப் பொடி கம்பியில் ஒட்டினால் கணக்குப் பிழைக்கும், எஞ்சினுக்கு எவ்வளவு பெற்றோல் கொடுப்பது என்று தெரியாமல் ஏறி இறங்கும். அகீல் மரியாதைக்குச் சிரிக்காமல் இருந்தார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

கம்பியைக் கழுவி, ஃபில்டரைத் தட்டித் துடைத்துப் பூட்டினார். முள் எழுநூறில் அசையாமல் நின்றது. நான்தான் காரைக் குழப்பினது. நானே நேசமலரைத் தண்டவாளத்தில் கொண்டுபோய் நிறுத்தினது. அதற்கு அந்த மனிசனைக் கள்ளன் என்றேன். கள்ளன் என்றதோடு நிறுத்தினேனா?

12.06.2025, வியாழன்

திருத்திப் பேசிப் போடலாம் என்று ஏழு தரம் பதிவு செய்தேன். ஏழையும் அழித்தேன். ஒவ்வொன்றிலும் "தெரியாமல் சொல்லிவிட்டேன்" என்று வருகிறது. தெரியாமலா?

13.06.2025, வெள்ளி

பழைய பதிவை எல்லோரிடமிருந்தும் அழிக்கப் பார்த்தேன். நேரம் கடந்துவிட்டதாம். மூன்றாம் மாடி நிரோஷா அதைத் தன் சிநேகிதிகளுக்கும் அனுப்பியிருக்கிறாள். பாமன்கடை, ஹெந்தளை என்று என் குரல் ஊர் சுற்றுகிறது.

கடைசியில் எழுத்தில் போட்டேன்: "காரின் பிழை ஒரு சென்சரால் வந்தது. சரிசெய்யப்பட்டுவிட்டது. விடயம் முடிந்தது." முப்பத்திரண்டு வருடம் இப்படித்தான் கடிதம் எழுதினேன். யார்மேல் பிழை என்று ஒருவருக்கும் விளங்காது. உடனே குழுத் தலைவர் முத்துலிங்கம், எப்படியோ அந்த ஆளை நிப்பாட்டினது நல்லது என்று பதில் போட்டார். நான் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. தூ.

15.06.2025, ஞாயிறு

கொட்டாஞ்சேனைக்குப் போனேன். முகவரியை இராமரிடம் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு துண்டில் எழுதித் தந்தான்.

ஒழுங்கைக்குள் ஒற்றை அறை வீடு. காளியப்பனின் மனைவி அங்கம்மா கதவைத் திறந்தாள், என் குரலைக் கேட்டதும் உள்ளே போய்விட்டாள். காளியப்பன் கதிரையை இழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த மனிசன் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். திருநீறு என்றதும் முதலில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தப் பக்கம் பூசினீர்கள் என்று கேட்டார். மேல்பக்கம் என்றேன். அப்படியென்றால் சென்சர் கம்பியில்தான் ஒட்டியிருக்கும் என்று உடனே சொல்லிவிட்டார். "அன்னைக்குப் போனை எடுத்திருந்தா அஞ்சு நிமிஷ வேலைங்க சார்."

சொறி என்றேன். மன்னிப்பு என்ற சொல் வாய்க்கு வரவில்லை, இங்கிலீஷ் சுகமாக வந்தது.

"சாமான மாத்திட்டேன்னு சொன்னது பரவாயில்லைங்க. ரயில் ரோட்டுல வண்டி நின்னா பயத்துல யாரும் சொல்லுவாங்க. மத்ததும் பயத்துலதான் வந்திச்சா சார்?"

பயத்தில் வரவில்லை. அது எப்பவோ எனக்குள் கிடந்தது, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்தது, அன்றைக்கு வாயைத் திறக்க ஒரு சாட்டுக் கிடைத்தது. இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

வெளிக்கிடும்போது அங்கம்மா கதவடிக்கு வந்தாள். பாமன்கடையில் ஒரு வீட்டில் சமைக்கப் போகிறவளாம். "அந்தம்மா ஒங்க பேச்ச ரெண்டு தரம் போட்டுக் காட்டுனாங்க. இதுல சொல்றது ஒங்க வீட்டுக்காரரான்னு கேட்டாங்க. நான் இல்லன்னுட்டேன்."

கட்டினவனையே இல்லையென்று சொல்ல வைத்திருக்கிறேன். பஸ்ஸில் வரும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து வந்தேன்.

17.06.2025, செவ்வாய்

இன்றைக்குப் பதிவு செய்து, திரும்பக் கேட்காமல் அனுப்பிவிட்டேன். திருநீறு பூசினது நான், பிழை என்னுடையது, காளியப்பன் செய்த வேலை சுத்தம். அவருடைய ஆட்களைப் பற்றி நான் சொன்னது பொய், கோபத்தில் வந்த பொய் இல்லை, நான் நம்பிக்கொண்டிருந்த பொய். அதை யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கு இதையும் அனுப்புங்கள்.

திருநீற்றுக்கு இருபது பேர் சிரித்திருக்கிறார்கள். மற்றதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. முத்துலிங்கம் போன் எடுத்தார். "அதை ஏன் கிண்டினனீர்? எல்லாரும் வீட்டுக்குள்ள சொல்லுறதுதானே." ஓம், அதுதான் என்றேன். வைத்துவிட்டார்.

லிஃப்டுக்குப் போய் நோட்டீஸைக் கிழித்தேன். பசை விடவில்லை, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. மேலே வர நேசமலர், "சாப்பிடுவமோ?" என்றாள். ஒன்பது நாளுக்குப் பிறகு.

22.06.2025, ஞாயிறு

ஆறரையிலிருந்து கேற்றடியில் நின்றேன். அவர் வரவில்லை. இராமர் எனக்கு ஒரு கதிரை தந்தான். இருக்க மனம் வரவில்லை.

29.06.2025, ஞாயிறு

இன்றும் இல்லை. நிரோஷா அவருக்குப் போன் எடுத்துப் பேசினாளாம், பார்ப்போம் என்றாராம்.

06.07.2025, ஞாயிறு

வந்தார்.

ஏழு மணிக்குப் பை தோளில். வணக்கம் சார் என்றார், நானும் சொன்னேன். அவ்வளவுதான். பார்க்கிங்கில் தண்ணிப் பைப்புக்குப் பக்கத்து இடம் என்னுடையது. அங்கே வைத்துக் கழுவினால் அவருக்குச் சுகம். காரை எடுத்து வெளியே ஒழுங்கையில் விட்டேன். நிரோஷாவின் காரை அந்த இடத்தில் நிறுத்தி வேலையைத் தொடங்கினார். நாலு கார் பார்த்தார். மத்தியானம் இராமரோடு இருந்து சாப்பிட்டார். மூன்று மணிக்குப் போனார்.

பின்னேரம் கேற்றுக் கொப்பியைப் பார்த்தேன். வருகிறவர் பெயர், யார் வீட்டுக்கு என்று எழுதி, கிழமைக்கொரு தரம் செயலாளர் கையெழுத்து வைக்க வேண்டும். காளியப்பன், 3பி, 1ஏ, 4சி, 5ஏ. அவருடைய சின்ன, நேரான எழுத்து. எங்கள் வீடு 2ஏ. அது அதில் இல்லை. கீழே கையெழுத்தைப் போட்டுக் கொப்பியை இராமரிடம் கொடுத்தேன்.