இங்கிலீஷ்ல பேசு

என் அன்புக்குரியவருக்கு,

போனில் புதுப் பள்ளியைப் பற்றிக் கேட்டீர்கள். நான் குளிரைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஒஜிப்வே பழங்குடியினர் தங்கள் பிள்ளைகளுக்காக நடத்தும் பள்ளி இது. நான் இங்கே கணக்கு சொல்லித்தருகிறேன்; நம் மகளும் இங்கேயேதான் படிக்கிறாள். இன்று எல்லோர் முன்னாலும், "அம்மா, தண்ணி வேணும்" என்றாள்.

"ஷ்... இங்கிலீஷ்ல பேசு" என்று அதட்டினேன். அங்கே எடிசன் நகரில் வெளியாட்கள் முன்னால் அவளிடம் இப்படியே சொல்லிப் பழகிய வாய்.

அவர்கள் மொழியைக் கற்பிக்கும் டோரீன் டீச்சர் என்னைத் தனியே அழைத்தார். "எங்க அம்மாவை, சின்ன வயசுல எங்க பாஷையில பேசினதுக்கு, ஸ்கூல்ல அடிச்சாங்க. அதனாலதான் இந்த ஸ்கூலையே ஆரம்பிச்சோம்" என்றார். குரலில் கோபமே இல்லை. என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாலையில் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். "சாப்பிட வாடி" என்றேன். வேறு யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாக, "வரேம்மா" என்றாள்.

அவளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்காத
உங்கள் மனைவி