முதல் டம்ளர்

கச்சிராயபாளையம்
9.5.2004

அன்புத் தங்கச்சி செவ்வந்திக்கு,

கச்சிராயபாளையம் தைரியநாதன் அண்ணன் எழுதுவது. உன் விலாசத்தை உங்கள் ஊர் ஜெயம்மாள் கொடுத்தாள். திருவிழாவுக்காகத் திருப்பூரிலிருந்து வந்தவள், மலைக்குப் போகிற வழியில் நம் வீட்டில் நுழைந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். நீயும் மகள் பெரியநாயகியும் அவள் வேலை செய்கிற பனியன் கம்பெனியிலேயே இருக்கிறீர்கள் என்றும், பெரியநாயகிக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டாய் என்றும் சொன்னாள். கேட்டதும் உன் அண்ணி அமலோற்பவம் மெழுகுவத்தி ஏற்றினாள்.

உனக்குப் படிக்கத் தெரியாது. இதைப் பெரியநாயகிதான் உனக்குப் படித்துக் காட்டுவாள். மகளே, நடுவில் நிறுத்திவிடாதே. கடைசிவரை படி. உனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இங்கே கோமுகி அணையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. கரும்பு வெட்டு முடிந்து காடெல்லாம் வெறிச்சென்று கிடக்கிறது. அமலோற்பவத்துக்கு முட்டிவலி குறையவில்லை. எங்கள் மகள் பாத்திமா உளுந்தூர்பேட்டையில் இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள்.

வேடியப்பன் என் வீட்டில் இருக்கிறான். கார்த்திகை மாதத்தில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கால் இரண்டும் வீங்கி, கண் மஞ்சளாகி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அன்று முதல் ஒரு சொட்டு தொடவில்லை. இது சத்தியம். என் சத்தியத்துக்கு உன்னிடம் மதிப்பு இருக்க நியாயமில்லைதான். இருந்தும் எழுதுகிறேன்.

பெரியநாயகி, நானும் உன் அப்பாவும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். மலையிலிருந்து இறங்கி வந்தவன் அவன், அடிவாரத்துக்காரன் நான். அங்கே பனியில் எங்களுக்கு ரம் கொடுப்பார்கள். அவனுக்கு அது போதும். சுடுதண்ணீர் ஊற்றி, இரண்டு மிளகு தட்டிப் போட்டு, மூக்கருகே வைத்து மோந்துகொண்டே இருப்பான். “இதுல நம்ம ஊரு ஆலையில வெல்லம் காய்ச்சற வாசன வருது, தைரியம்” என்பான். எனக்கு ரம் பிடிக்காது. நான் ஒரு பெரிய ஆபீசருக்கு ஜீப் ஓட்டியவன். அவர் மிச்சம் வைத்த விஸ்கியில் என் நாக்கு பழகிவிட்டது. சோடா கூடாது, கலர் கூடாது, தண்ணீர் மட்டும்தான், அதுவும் கொஞ்சம்தான் என்று அவர் சொன்னதையெல்லாம் வேதம் மாதிரி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிவேன். ரம் குடிப்பவனைப் பார்த்தால் எனக்கு இளப்பம். வேடியப்பன் சிரிப்பான்.

ஊருக்கு வந்த பிறகும் என் புத்தி மாறவில்லை. நம் பக்கத்தில் பிராந்திதான் எல்லோருக்கும். விஸ்கி சூடு, பிராந்தி உடம்புக்கு நல்லது, சளிக்குக்கூட கொடுக்கலாம் என்பார்கள். நான் அவர்களோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் வாதாடுவேன். எதற்காக வாதாடினேன் என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அவன் குடியை விட்ட கதை உங்கள் இருவருக்கும் தெரியும். பெரியநாயகிக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து கண் செருகியபோது அவன் குடித்துவிட்டுக் கிடந்தான். நீ ஒருத்தியாகப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மலையிறங்கி, அணைக்கட்டில் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனாய். பிள்ளை பிழைத்து வந்ததும் கரியராமன் கோயிலில் அவள் தலையில் கை வைத்து, இனி தொடமாட்டேன் என்றான். ஐந்து வருஷம் தொடவில்லை. மரவள்ளி போட்டான், கூரையை மாற்றி ஓட்டு வீடு கட்டினான். அந்த ஐந்து வருஷமும் நான் மலைக்கு வந்தால் எனக்குச் சாமைச் சோறும் தேனும் கொடுத்து அனுப்புவான். நான் பையில் கொண்டுவந்த பாட்டிலைத் திறக்காமலே திருப்பிக் கொண்டு வருவேன். உள்ளுக்குள் எனக்கு அது ஒரு குறையாகவே இருந்தது.

இனி எழுதப் போவதுதான் எழுதவேண்டியது.

பாத்திமா கல்யாணத்துக்கு நீங்கள் மூன்று பேரும் முதல் நாளே வந்துவிட்டீர்கள். வேடியப்பன் இரண்டு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். சமையல்காரனை உட்காரவிடாமல் அடுப்படியிலேயே நின்றான். கோயிலில் தாலி கட்டி முடிந்ததும் ஆண்களுக்கு மாந்தோப்பில் பந்தி. யார் யாருக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வாரம் முன்னாலேயே விசாரித்து வாங்கி வைத்திருந்தேன். சம்பந்தி செபாஸ்தியானுக்கு பிராந்தி, அவர் தம்பிக்கு ஜின், இளவட்டங்களுக்கு பீர், பட்டாளத்து ஆட்களுக்கு ரம். என் பழைய ஆபீசர் அனுப்பிய வெளிநாட்டு விஸ்கி ஒன்று நடுவில். அதை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னேன். கல்யாணப் பெண்ணைவிட அந்தப் பாட்டிலைத்தான் நான் அதிகம் காட்டினேன் என்று அமலோற்பவம் இன்றும் சொல்வாள்.

வேடியப்பனைக் கூப்பிட்டு ஒரு மூடி குடி என்றேன். “எனக்குக் கலர் போதும், நீங்க சாப்புடுங்க” என்றான். மறுபடியும் கேட்டேன். அதே பதில். சம்பந்தி சிரித்துவிட்டு, “இன்னா சார், உங்க தோஸ்து உங்க சரக்க மதிக்கவே மாட்டேங்கிறாரே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. விளையாட்டாகத்தான் செய்தேன் என்று எட்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். விளையாட்டில்லை தங்கச்சி. கோபம்.

விஸ்கியையும் ரம்மையும் அவன் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவான். அதனால் ஜின்னை எடுத்தேன். தண்ணீர் மாதிரி இருக்கும். டம்ளரில் பாதி ஊற்றி, எலுமிச்சையைப் பிழிந்து, உப்புப் போட்டு, சோடாவை மேலே ஊற்றி, அடுப்படியில் வேர்த்து நின்றவன் கையில் கொடுத்தேன். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றவன். ஒரே மூச்சில் கால் டம்ளர் இறங்கிவிட்டது. அப்புறம்தான் நிறுத்தினான்.

என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால் சம்பந்தி வீட்டார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் துப்பியிருக்கலாம். என் சட்டையைப் பிடித்திருக்கலாம். பெண்ணைப் பெற்றவனைச் சம்பந்தி முன்னால் அவமானப்படுத்தக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ, மிச்சத்தையும் குடித்து டம்ளரைக் கீழே வைத்தான். “இத்தக் குடுத்ததுக்கு ரம்மையே குடுத்திருக்கலாமே, தைரியம்” என்றான். சத்தமே இல்லாமல் சொன்னான். நான் சிரித்தேன். பெருமையாகச் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அவனே தோப்புக்கு வந்து ரம் கேட்டான். ஊற்றிக் கொடுத்தவனும் நான்தான்.

நீ தோப்பு வாசலில் வந்து நின்றபோது அவன் மரத்தடியில் கிடந்தான். பெரியநாயகி உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நீ என்னிடம் கேட்டாய்: “அண்ணே, யாருண்ணே இவருக்கு ஊத்திக் குடுத்தது?” நான் சொன்னேன்: “எனக்கு இன்னாம்மா தெரியும், கல்யாணக் கூட்டம், அவனே எடுத்துக்கினான் போல.” நீ சாப்பிடாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனாய்.

பிள்ளையின் தலைமேல் செய்த சத்தியத்தை அவனாக உடைத்தான் என்று இத்தனை வருஷமும் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவன் உடைக்கவில்லை. நான் உடைத்தேன்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். மலையில் காய்ச்சுகிற சாராயத்தின் நாற்றமே ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அதையே குடித்தான். பிடித்துக் குடிக்கிற காலம் போய்விட்டது. மரவள்ளிக் காடு போனது. நீயும் இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பூருக்குப் போனாய். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் இங்கே கௌரவமாக இருந்தேன். உங்கள் கதையை யாராவது பேசினால் நானும் சேர்ந்து உச்சுக்கொட்டினேன்.

போன மாதம் அவனிடம் கேட்டேன், அவளிடம் ஏன்டா என் பெயரைச் சொல்லவில்லை என்று. கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னான்: “சொல்லி? மொத டம்ளரு நீ ஊத்துன. ரெண்டாவது நான்தானே கேட்டேன்.” நான் அழுதேன். அவன், “வுடு, கஞ்சில உப்பு கம்மி, அண்ணிகிட்ட சொல்லு” என்றான்.

நான் குடியை மறந்துவிட்டேன் என்று உனக்குப் பொய் எழுதமாட்டேன். பட்டாளத்து கேன்டீனில் என் பங்கை வாங்குவதை நிறுத்திவிட்டேன், வீட்டில் பாட்டில் இல்லை, அவ்வளவுதான். நாக்கு இன்னும் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் அவன் டம்ளரைக் கீழே வைத்தது ஞாபகம் வருகிறது.

கல்யாணத்தை ஆவணியில் வைத்திருப்பதாகவும், பத்திரிகையில் அப்பா பெயருக்குப் பதில் உன் தம்பி பொன்னுரங்கம் பெயரைப் போடப் போவதாகவும் ஜெயம்மாள் சொன்னாள். வேடியப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். “போடாட்டி பரவால்ல, அவங்க பண்றது சரிதான்” என்றான். அவள் போனபிறகு என்னைக் கூப்பிட்டு, “மாப்பிள்ள குடிக்கிறவனான்னு மட்டும் விசாரி, தைரியம்” என்றான். விசாரித்தேன். நல்ல பையன், டீ மட்டும்தான் என்கிறார்கள். அதைச் சொன்னதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் படுத்திருந்தான்.

நான் இதை எழுதுவது அவனுக்குத் தெரியாது. நேற்று டாக்டர் அவனைப் பார்த்து முடித்த பிறகு, நான் மட்டும் திரும்பிப் போய் அவரிடம் பேசிவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக இந்தப் பேப்பரை எடுத்தேன்.

தங்கச்சி, என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவும் வேண்டாம். பத்திரிகையில் வேடியப்பன் பெயரைப் போடு. பெண்ணைத் தாரை வார்க்க அவனை நிற்க வை. நிற்க முடியாவிட்டால் ஒரு நாற்காலி போட்டு உட்கார வை. வேட்டி சட்டை எடுத்து, வண்டி வைத்து, அமலோற்பவம் கூட்டிக்கொண்டு வருவாள்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன காரணம் சொல்வாயோ எனக்குத் தெரியாது. என்னைக் காரணம் காட்டினாலும் சரி. ஆவணி வேண்டாம் தங்கச்சி. ஆனியிலேயே நல்ல முகூர்த்தம் இருக்கிறது, நான் காலண்டரில் பார்த்துவிட்டேன். ஆனி முதல் வாரத்திலேயே வை.

பெரியநாயகி, நீ நல்லா இருக்கணும் மகளே.

இப்படிக்கு,
உன் அண்ணன் என்று சொல்லிக்கொள்ளும்
தைரியநாதன்