பீரோவில் வைத்த படிவம்

பிள்ளைப்பாக்கம்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சுந்தராம்பாளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். புதுப் பெண்களுக்கு ஷூ தைக்கப் பழக்கக் கம்பெனி உன்னை அனுப்பிய பர்கூரில் வெயில் கொளுத்துகிறது என்றாயே, தண்ணீர் நிறையக் குடி. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். நான் ஆரம்பிப்பதற்குள் பின்னால் யாரோ ஒரு பெண் "அம்மா" என்று கூப்பிடுகிறாள், நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தமிழ்வாணனுக்கும் மருமகளுக்கும் இந்த வாரம் காலை ஷிப்ட். பேத்தி கனிஷ்காவுக்குத் தலை பின்னுவதும் நான்தான், ஸ்கூல் வேனில் ஏற்றுவதும் நான்தான். ஏறும்போது உன்னைத்தான், "ஆயா எப்ப வரும்?" என்று கேட்கிறாள். பின்னிவிட்டவனைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊர்க் கம்பெனியில் உன் லைனில் ஷூ தைக்கும் முத்துச்செல்வி போன புதன்கிழமையே இங்கே வந்தாள். அடுத்த மாதம் உனக்கு ஐம்பத்தெட்டு முடிந்தாலும், இன்னும் இரண்டு வருஷம் வேலையில் இருக்கச் சொல்லிக் கம்பெனி கொடுத்த படிவத்தைக் கையில் தந்தாள். "அம்மா இல்லாம லைன்ல மனசே ஒட்டல பெரியப்பா. கையெழுத்துக்கு இன்னைக்கே அனுப்பிருங்க" என்றாள். "இன்னா அவசரம், அனுப்பறேன்மா" என்று வாங்கி, பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் நீ போனில் கேட்டபோது, அந்தப் பெண் இன்னும் கொண்டுவரவில்லை என்றேன். நீ அவளைத் திட்டியிருக்கிறாய். நேற்று வந்து வாசலிலேயே நின்றாள். "நான்தான் மறந்துட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன் பெரியப்பா. உங்களச் சொல்ல மனசு வரல" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சுந்தரா, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அதனால் வேலை போதும் என்று வந்துவிட்டேன் என இரண்டு வருஷத்துக்கு முன்பு உன்னிடம் சொன்னேன். அது நிஜமில்லை. இன்னும் ஒரு வருஷம் இருக்கிறேன் என்று நானும் எழுதிக் கொடுத்தேன். பதிலே வரவில்லை. கடைசி நாளில் சால்வை போட்டார்கள். இருபத்து நான்கு வருஷம் கார் கம்பெனி பெயின்ட் ஷாப்பில் நின்றவனை, இரு என்று ஒருவன்கூடச் சொல்லவில்லை. நீ கேட்காமலே உன்னை இருக்கச் சொல்கிறார்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. கட்டின பெண்டாட்டி மேலேயே! நீயும் வேலையை விட்டு வந்துவிட்டால் இரண்டு பேரும் சமம் ஆகிவிடுவோம் என்று கணக்குப் போட்டேன்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பு என்னுடையது, மன்னித்துக்கொள். முட்டி வலி தாங்கும் என்றால் கையெழுத்துப் போடு. தலை பின்னுவது எனக்குப் பழகிவிட்டது. முத்துச்செல்வியைக் கூப்பிட்டு நல்லபடியாக நாலு வார்த்தை பேசு.

நீ போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல பெயர் கிடைக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஊருக்குத் திரும்பும் தேதி தெரிந்ததும், அந்தப் பெண்களுக்குச் சொல்வதற்கு முன்னால் எனக்குச் சொல்.

வீட்டில் இருக்கும்,
கோதண்டம்