மீன்கள் மேலே வந்த வாரம்

அக். 14, செவ்வாய்

விடியலிலிருந்தே மூட்டம். மலை தெரியவில்லை. தீவனத்தில் பாதி மிதந்தபடியே கிடந்தது. வலை வீசினேன். ரோகு ஒன்றின் வயிற்றில் சிவப்புப் புண். அடுத்த வீச்சில் இரண்டு கட்லா, செதில் உதிர்ந்து.

போன வருஷமும் இப்படித்தான் தொடங்கியது. என் வீட்டுக்காரர் அந்தோணி, கடையில் கொடுத்த ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலந்து போட்டார். புண் ஆறும். திரும்ப வரும். இன்னும் கூட்டிக் கலப்பார். பிறகு வலை இழுக்கையில் நத்தை ஓடு அவர் கணுக்காலைக் கீறியது. சின்னக் கீறல். முழங்கால் வரை வீங்கிக் கறுத்தது. எந்த மருந்துக்கும் அந்தக் கிருமி மசியவில்லை. குளத்தில் போட்ட மருந்திலேயே அது பழகியிருக்கலாம், காலை எடுக்க வேண்டி வரலாம் என்றார் டாக்டர். கடைசியாகப் போட்ட ஊசி கேட்டது. கால் தப்பியது.

அதிலிருந்து குளத்துக்குப் புரோபயோடிக் மட்டும். கெட்ட கிருமியை நெருக்கித் தள்ளும் நல்ல கிருமி. அடிச்சேற்றுக் கழிவையும் தின்றுவிடும்.

மத்தியானம் அவர்: "பேசாம பழைய மருந்தவே போடுவோம் ரோஸி. மீனு பூராம் போயிருச்சுன்னா?"

"ஒங்க காலு போயிருந்தா?"



அக். 15, புதன்

தூறல். வாங்க: தவிடு, வெல்லம், துவரம்பருப்பு.

இன்னும் நாலு மீனில் புண். டிரம்மில் தவிடு, வெல்லத்தோடு ஊறிக்கொண்டிருந்த புரோபயோடிக் மொத்தத்தையும் சாயங்காலமே ஊற்றிவிட்டேன். வெயில் நாளில், காலையில், அளவோடு ஊற்ற வேண்டும் என்பது மீன்வளத்துறை மேடம் சொன்னது. தெரியும். காத்திருக்கப் பயம்.

அக். 16, வியாழன்

காலையில் குளம் முழுக்க வாய்கள். எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து. கரண்ட் இல்லை. காற்றடிக்கும் மெஷின் சும்மா நின்றது.

மேடத்துக்குப் போன் செய்தேன்.

"மூட்டத்துல ஏம்மா ஊத்துனீங்க? அந்தக் கிருமியும் மூச்சு விடும்ல. வெயில் இல்லாம தண்ணியில கொறஞ்சிருந்த காத்தயும் அது எடுத்துக்கிருச்சு. கெணத்துத் தண்ணிய ஒசரத்துல இருந்து விடுங்க. சீக்கிரம்."

பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக்கு ஓடினேன். காதர் பாயிடம்தான் டீசல் எஞ்சின். அழுதுகொண்டே சொன்னேன்.

"அழுகாத தாயி. ஓஸ எங்கன போடணும், அத மட்டும் சொல்லு."

எஞ்சின் பிடித்தது. ஆனால் ஓஸ் குழாயின் நுனி தண்ணீருக்குள் விழுந்து கிடந்தது. யாராவது இறங்கித் தூக்கிப் பிடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நீங்க எறங்காதீக."

முந்திக்கொண்டு நான் இறங்கினேன். இடுப்பளவு. ஒவ்வொரு அடிக்கும் உள்ளங்கால் கூசியது. ஓஸைத் தலைக்கு மேல் பிடித்தேன். தண்ணீர் சிதறி விழுந்த இடத்துக்கு மீன்கள் நெருக்கிக்கொண்டு வந்தன. விலாவில் மோதின. கரையில் பாய் அவர் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தார்.

வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கீழே போயின. செத்தவை ஒரு கூடை. பெரிய கட்லாக்கள்தான் அதிகம்.

மேலே ஏறியதும் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கால்களை விரல் விரலாகப் பார்த்தார். கீறல் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடி பார்த்தார்.

அக். 18, சனி

வெயில். மெஷின் ஓடுகிறது. காலையிலேயே, அளந்து ஊற்றினேன். ஊற்றிவிட்டு மத்தியானம் வரை கரையை விட்டு நகரவில்லை.

குதிகால் அரிக்கிறது. கொசுதான். கொசுதானா.

அக். 22, புதன்

மேடம் வந்து வலை வீசச் சொன்னார். பழைய புண்களின் ஓரம் காய்ந்து வெளுத்திருக்கிறது. புதுப் புண் இல்லை. மருந்து வேண்டாம், இப்படியே போகட்டும் என்றார்.

பாய் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து: "மேடம் என்ன சொன்னாக?"

"ஆறுதாம்ண்ணே."

என் வீட்டுக்காரர் புண்ணில்லாத ரோகு ஒன்றைக் கொண்டுவந்து அருவாமனை பக்கத்தில் வைத்தார். போன வருஷம் எங்கள் குளத்து மீனை நாங்கள் தின்றதில்லை. விற்றோம், அவ்வளவுதான்.

"கொழம்பு வையி" என்றார்.

செவுளைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல சிவப்பு. குழம்பு கொதித்த பிறகும் அடுப்பை அணைக்க மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். அவர் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

முதல் துண்டை அடுப்படியில் நின்று நான் தின்றேன். அப்புறம்தான் அவருக்குப் போட்டேன்.