முதல் வரி மட்டும்

மார்ச் 4

அன்புள்ள சுண்டுவுக்கு,

என் ஃபோனை எடுப்பதில்லை என்று சபதம் போட்டிருக்கிறாய். போகட்டும். தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாதே, அதனால் பேனாவை எடுத்தேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. ஆனால் மாடிப்படி ஏறும்போதெல்லாம் உன் பேச்சுதான். அக்கா சனிக்கிழமை வருகிறாள், தங்கை ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், இரண்டு வருஷமாக ஒருநாளும் சேர்ந்து வந்ததில்லை என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஆஸ்பத்திரியில் நம் அறை அப்படியேதான் இருக்கிறது. ஏசி இன்னும் வாளியில் சொட்டுகிறது. உன் நீலக் கப்பில் பேனா போட்டு வைத்திருக்கிறேன். நீ போனதிலிருந்து டேட்டாபேஸில் ஒரு பதிவைக்கூட யாரும் அழிக்கவில்லை, அவ்வளவு பயம். கண் பரிசோதனைக்கு நேரம் வாங்கியவர்களின் பெயரெல்லாம் அடுக்கிய டேபிள் ஊதிப் போய்விட்டது. வரவேற்பில் ஒரு பெயரைத் தேடி எடுப்பதற்குள் நோயாளி உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார். இந்த மாதம் முடிந்ததும் பழைய பதிவுகளை நானே அழிக்கப் போகிறேன்.

மெத்தைக் கடையில் வேலை செய்கிறாய் என்று அம்மா சொன்னாள். நாளெல்லாம் மெத்தை நடுவே நிற்கிறாயே, உட்காரவாவது விடுகிறார்களா? உன் படிப்புக்கு இது தேவையா என்று நான் கேட்கவில்லை.

அன்புடன்,
அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

கேட்கவில்லை என்று எழுதியே கேட்டுவிட்டாய். அதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது.

வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் "பழைய வேலையை ஏன் விட்டீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. மெத்தைக் கடையில் மட்டும் கேட்கவில்லை. அதனால் இங்கே இருக்கிறேன்.

நடந்ததை ஒருமுறை எழுதிவிடுகிறேன். லீவு போட்ட ஒரு டாக்டரின் முப்பத்தெட்டுப் பதிவுகளை மட்டும் அழிக்கச் சொன்னாய். இரண்டு வரி எழுதினேன். எந்த டேபிளில் அழிக்க வேண்டும் என்பது முதல் வரி. எந்த டாக்டர், எந்தத் தேதி என்ற நிபந்தனை இரண்டாவது வரி. ரன் பட்டனை அழுத்தினேன். நாலாயிரத்துச் சொச்சம் பதிவும் காலி. முந்தின நாள் பேக்கப்பிலிருந்து மீட்டீர்கள், அன்றைக்குப் பெயர் கொடுத்தவர்கள் மட்டும் மீளவில்லை. சீட்டோடு வந்து வாசலில் நின்று திட்டினார்கள். அந்தத் திட்டு நியாயம்.

ஆனால் நான் உன்னைக் கூப்பிட்டு, "அக்கா, இங்க பாரு, ரெண்டாவது வரி ஸ்கிரீன்லயே இருக்கு"ன்னு சொன்னேனே, நீ என்ன சொன்னாய்? "அழிஞ்சப்புறம் டைப் பண்ணியிருப்பே." அப்புறம் ‘நிபந்தனை எழுதாமல் அழித்தார்’ என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்தும் போட்டாய். என் வேலை போனது.

இப்போதும் அப்படித்தான் நினைக்கிறாயா? அதை மட்டும் எழுது. கப்பைத் தூக்கி எறிந்துவிடு.

மெத்தைக் கடைக்காரி


மார்ச் 22

சுண்டு,

உனக்காகப் பொய் எழுத எனக்கு வராது. சர்வரில் ஓடியதாகப் பதிவானது ஒரே ஒரு வரி. நிபந்தனை அதில் இல்லை. அதை வைத்துத்தான் எழுதினேன். பயத்தில் யாராக இருந்தாலும் பிறகு ஒரு வரி சேர்க்கத்தான் பார்ப்பார்கள். அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

கப்பை எறியவில்லை.

அக்கா


ஏப்ரல் 2

சுண்டு,

முந்தின கடிதத்தைக் கிழித்துப் போடு. முடிந்தால் அதற்கு முன் நான் சொன்னதையும்.

நேற்றுக் காலை பழைய பதிவுகளை அழிக்க உட்கார்ந்தேன். ஒத்திகைக்கு என்று ஒரு நகல் டேபிள் வைத்திருக்கிறேன், முதலில் அதில். இரண்டு வரி எழுதினேன். என் சட்டம் உனக்கு நினைவிருக்கும்: அழிப்பதற்கு முன் முதல் வரியைக் காப்பி செய்து வேலைப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். சட்டம் போட்டவள் நான். இத்தனை வருஷத்தில் அதை மதித்தவள் நீ ஒருத்திதான். நேற்று முதல்முறையாக நானும் செய்தேன். மௌஸால் முதல் வரியை இழுத்துத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, பதிவேட்டில் ஒட்டிவிட்டுத் திரும்பி வந்து ரன் பட்டனை அழுத்தினேன். மொத்த டேபிளும் காலி.

இரண்டாவது வரி ஸ்கிரீனில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. முதல் வரி மட்டும் நீலமாக இருந்தது, காப்பி செய்தபோது தேர்ந்தெடுத்தது அப்படியே நின்றிருக்கிறது. அந்த சாஃப்ட்வேரில் எதைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறோமோ அது மட்டும்தான் ஓடும். பத்து முறை செய்து பார்த்தேன். பத்து முறையும் அதே கதைதான்.

அன்றைக்கு நீ இரண்டாவது வரியையும் முன்பே எழுதியிருந்தாய். என் சட்டத்தை மதித்ததால்தான் உனக்கு அப்படி ஆனது.

புது ரிப்போர்ட் எழுதி, தப்பு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டு மேலதிகாரியிடம் கொடுத்தேன். "ரெண்டு வருஷம் கழிச்சு இது எதுக்கும்மா?" என்றார். வாங்க வைத்துவிட்டுத்தான் வந்தேன். நகல் இதனுடன் இருக்கிறது.

வெட்கமாக இருக்கிறது, சுண்டு. மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை.

அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

ரிப்போர்ட் வந்தது. கடையில் மெத்தை நடுவே நின்றுகொண்டு மூன்று முறை படித்தேன். மெத்தை பார்க்க வந்த ஒருவர், "வீட்ல யாருக்காவது ஏதாச்சும் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டு, தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்த இரண்டு வருஷத்தில், பிறகுதான் டைப் செய்தேனோ என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். நீ சொன்னாய், அதனால். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே பழகிவிட்டேன். என்னை நம்புவதற்கு உனக்குப் பத்து முறை ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. உன்னை நம்ப எனக்கு எதுவுமே தேவைப்படவில்லை, அக்கா. அதுதான் வலிக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் வலிக்கும், அவசரப்படுத்தாதே.

பழைய மாதிரி வேலை ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். நீ அனுப்பிய நகலையும் சேர்த்து அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போகிறேன். சனிக்கிழமை போகாதே. கப்பை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா. பேனா மை சீக்கிரம் போகாது, நன்றாகத் தேய்த்துக் கழுவு.

சுண்டு