மூணாம் லைன் ஹிஜ்ராவின் மகளுக்கு ஒரு பெயர்

என் அன்பு வாப்பா,

உங்களுக்குச் சலாம். பெண்பிள்ளை நான் உங்களை அடக்கிய மையவாடிக்கு வந்து உங்கள் பக்கத்தில் நின்று கதைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். உங்கள் அகன்ற நெற்றி அப்படியே வந்திருக்கிறது, பாவம்.

நாளை ஏழாம் நாள். முடி இறக்கிப் பெயர் வைக்க வேண்டும். என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை வாப்பா.

நேற்றுவரை தெரிந்திருந்தது. இனாயா. வயிற்றில் இருக்கும்போதே போனில் தேடித் தேடிப் பிடித்த பெயர். கரைத்தீவில் அந்தப் பெயரில் ஒருத்தியையும் நான் கண்டதில்லை. கண்ணூறு படும், ஏழாம் நாளுக்கு முன் வெளியே சொல்லக் கூடாது என்பார்களே, அதனால் மாமியிடம்கூட மூச்சு விடவில்லை. இன்று காலை பிள்ளையைப் பார்க்க வந்த மிட்வைஃப் மிஸ்ஸியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தே விட்டார்.

"இனாயாவா? பள்ளிக்குப் பின்னால ஒண்டு இருக்கு. கடைக்காரர்ட மகளுக்கும் அதுதான். அங்கால ரோட்டிலயும் ஒண்டு."

"நான் ஒருத்தருக்கும் சொல்லல்லயே மிஸ்ஸி!"

"அவங்களும்தான் சொல்லல்ல. எல்லாரும் ஒளிச்சு வெச்சா எப்பிடிம்மா தெரியும்?"

உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். இதே கூத்தை நீங்களும் அடித்தவர்தானே? மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு வந்து, இங்கே முகாமில் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் இருந்த காலம். அடுத்த வருடம் நான் பிறந்தேன். ஹிஜ்ரா என்று, நபியவர்கள் ஊரைப் பிரிந்து போன பயணத்தின் பெயரை எனக்கு வைத்தீர்கள். அவர்கள் திரும்பிப் போனார்களே, நாமும் போவோம் என்று. உங்களுக்கு மட்டும் தோன்றிய பெயர் என்று ஒளித்தும் வைத்தீர்கள். முகாமில் எத்தனை வாப்பாமார் அதையே ஒளித்து வைத்திருந்தார்கள் என்று பிறகுதானே தெரிந்தது!

பள்ளிக்கூடத்தில் டீச்சர் "ஹிஜ்ரா" என்றால் பெஞ்சுக்கு ஒருத்தி எழும்புவோம். நான் மூணாம் லைன் ஹிஜ்ரா. கொட்டில் வரிசைதான் எனக்கு அடையாளம். அழுதுகொண்டு வந்து பெயரை மாற்றச் சொன்னேன். "ஊருக்குப் போய் மாத்துவம் மகள். அங்க போனா இந்தப் பேர் தேவல்ல" என்றீர்கள்.

சண்டை முடிந்ததும் போனீர்கள். வீடு இருந்த இடம் காடாகிக் கிடந்தது, கிணற்றைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லித் திரும்பி வந்து கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தீர்கள். உங்களைச் சிரிக்க வைக்கத்தான் கேட்டேன்: "இப்ப பேரை மாத்துவமா வாப்பா?" நீங்கள் களப்புத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மாற்றுவோம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

என் வீட்டுக்காரர் வேறு பெயர் பார்ப்போம் என்று போனைத் தட்டிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பிடிக்கிற பெயரெல்லாம் இப்போது எல்லாருக்கும் பிடித்த பெயர் என்றே காட்டுகிறது. என் விருப்பம் என்று நான் நினைத்தது என்னுடையதுதானா? நீங்கள் வைத்தது உங்களுடையதா? எல்லாருக்கும் ஒரே பயம் வந்தால் ஒரே பெயர்தானே வரும். அன்று பயம், இன்று போன். யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. பிள்ளையோ ஒன்றும் அறியாமல் தூங்குகிறாள்.

உங்களை அடக்கம் செய்த ஜனாஸா அன்று நடந்ததை உங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? உங்களைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டியைத் தூக்குவதற்கு முன் பெரியம்மா வாசலில் நின்று கூப்பிட்டார்: "ஹிஜ்ரா, வாப்பாட முகத்தைக் கடைசியாப் பாத்துக்க வாங்க." நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். பெண்கள் கூட்டத்தில் முதலாம் லைன் ஹிஜ்ரா எழும்பினாள். பிறகு கடைசி லைன்காரி. பிறகு இன்னும் இரண்டு ஹிஜ்ராமார். எல்லாரும் அழுதுகொண்டே வந்து, என்னைப் பிடித்துத் தூக்கி உங்களிடம் கூட்டிவந்தார்கள்.

நாளை என் வாயில் எந்தப் பெயர் வருமோ தெரியாது. இனாயாவாகவே இருக்கலாம். வேறொன்றைத் தேட எனக்குத் தெம்பு இல்லை. ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். இவள் ஒருநாள் அழுதுகொண்டு வந்து "ஏன் உம்மா எனக்கு இந்தப் பேர்?" என்று கேட்டால், களப்பைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். "எனக்கும் தெரியாது மகள். எல்லாரும் வெச்சாங்க, நானும் வெச்சன்" என்று உள்ளதைச் சொல்லி, மடியில் இருத்திக்கொள்வேன்.

நீங்கள் மாற்றாமல் விட்ட பெயரோடேயே இருக்கும்
உங்கள் மகள்,
மூணாம் லைன் ஹிஜ்ரா