முப்பத்தோராம் வரிசை, ஜன்னலோரம்

மாட்ரிட்,
ஆகஸ்ட் 9, 2016

அன்புள்ள லௌத்தாரோ அண்ணா,

நான் போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எடுத்தால் கத்திவிடுவேன், ஆஸ்பத்திரியில் கத்தக் கூடாது. அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். நீயும் எழுது.

அப்பா பிழைத்துக்கொண்டார், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை என்னைப் பார்க்க விமானத்தில் வந்து இறங்கும்போதே இடது கால் வீங்கியிருந்தது. "நம்ம நாட்டு வடக்குக் கோடி அரிக்கா வரைக்கும் பஸ் ஓட்டின காலுடி இது, இதுக்கெல்லாம் அசையுமா?" என்று சிரித்தார். மறுநாள் காலையில் மூச்சு விட முடியவில்லை. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறிவிட்டதாம். பதின்மூன்று மணி நேரம் காலை மடக்கி அசையாமல் உட்கார்ந்ததுதான் காரணம் என்கிறார் டாக்டர்.

நல்ல இடமாகப் போட்டிருக்கிறேன், காலை நீட்டிக்கொண்டே வரலாம் என்று நீதானே சொன்னாய்? அப்புறம் எப்படி இது நடந்தது? விமானத்தில் நாற்காலி எங்கே வரவேண்டும் என்று தீர்மானிப்பதே உன் உத்தியோகம். உன்னைக் கேட்காமல் நான் யாரைக் கேட்பது?

உன் தங்கை,
மிரேயா

சாந்தியாகோ,
ஆகஸ்ட் 11, 2016

அருமைத் தங்கை மிரேயாவுக்கு,

உன் கடிதம் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அப்பாவுக்கு என் முத்தங்களைச் சொல்.

நடந்தது இதுதான். அந்த விமானம் எங்களிடம் இரண்டு ரகம். ஒரே பெயர், ஒரே சாயம். ஆபீசில் குட்டை, நெட்டை என்போம். குட்டையில் முப்பத்தோராம் வரிசை கதவை ஒட்டியது, முன்னால் நாற்காலியே கிடையாது. எங்கள் ஊழியர்கள் வீட்டு மனிதர்களுக்குக் கேட்டு வாங்குவது அந்த இடத்தைத்தான், எண் எல்லாருக்கும் மனப்பாடம். நெட்டையிலோ அதே எண் கழிப்பறைச் சுவரை ஒட்டி வரும். நாற்காலி முதுகு பின்னால் சாயாது. ஜன்னலோரக் காலடியில் டிவிக்கான இரும்புப் பெட்டி வேறு. நெட்டை என்றால் தாராளமாக இருக்கும் என்று நினைப்பாய். நீளம் கூடினால் எங்கள் ஆட்கள் வரிசையைத்தான் கூட்டுவார்கள்.

கடைசி நேரத்தில் குட்டைக்குப் பழுது. நெட்டையை அனுப்பிவிட்டார்கள். நம் கெட்ட நேரம், வேறென்ன சொல்வது. செப்டம்பர் பதினெட்டுக்குள் தேறிவிடுவார், பார். தேசிய நாளன்று எம்பனாதா தின்னாமல் அப்பா இருந்ததுண்டா?

என்றும் உன் அண்ணன்,
லௌத்தாரோ

மாட்ரிட்,
ஆகஸ்ட் 16, 2016

அண்ணா,

அப்பா இப்போது உட்கார்ந்து பேசுகிறார். "ஏம்ப்பா, கொஞ்சம் எழுந்து நடந்திருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"லௌத்தாரோ சொல்லி அனுப்பிச்சிருக்கான்டி. நாம ஊழியர் குடும்பம், காசில்லாம சும்மா போறவங்க. விமானத்துல வேலை பாக்குற பொண்ணுங்ககிட்ட எதையும் கேக்கக் கூடாது, வழியில நிக்கக் கூடாது, குறை சொல்லக் கூடாது. புள்ளை பேரைக் கெடுக்கவா வந்தேன்?"

தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிக் குடிக்கவில்லையாம். முழங்கால் முன் நாற்காலியில் இடித்துக்கொண்டே இருந்ததாம். "நான் ஒசரம், அது அவன் தப்பா?" என்கிறார். பக்கத்துக் கட்டில்காரரிடம், "எம் பையன் கட்டின விமானத்துல வந்தேன்" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறார். அந்த மனிதரும் பாவம், ஒவ்வொரு தடவையும் ஆச்சரியப்படுகிறார்.

இதற்குப் பதில் சொல். அப்பா கிளம்பியது வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமையே உங்கள் நிறுவனத்திலிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது: விமான ரகம் மாற்றப்பட்டுள்ளது. பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் எனக்கு அது என்ன புரியும்? உனக்கு எப்போது தெரியும்?

மிரேயா

சாந்தியாகோ,
ஆகஸ்ட் 24, 2016

மிரேயா,

எட்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன். எனக்குத் திங்கட்கிழமையே தெரியும்.

நெட்டையின் இருக்கைப் படம் நான் வரைந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு அங்குலம் குறைத்து மூன்று வரிசைகளை நுழைத்தேன். ஆபீஸ் கூடத்தில் மாதிரி நாற்காலி போட்டு ஆளுக்கு இருபது நிமிஷம் உட்கார வைத்தோம். எல்லா வரிசையும் வசதி என்று அறிக்கை கொடுத்தேன். இருபது நிமிஷத்தில் யாருக்குக் கால் வலிக்கும்?

அப்பாவின் இடத்தை மாற்றச் சொல்லி விமான நிலையத்துக்குப் பேச போனைக் கையில் எடுத்தேன், நிஜமாக எடுத்தேன். "உங்க அப்பாவுக்கு ஆகாத சீட்டு ஊர் சனத்துக்கு மட்டும் ஆகுமா?" என்று எவனாவது கேட்டுவிட்டால்? அந்த வாரம்தான் தலைமைப் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. முப்பது மணி நேரம் பஸ் ஓட்டியவர், பதின்மூன்று மணி நேரம் தாங்கமாட்டாரா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனை வைத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, மிரேயா.

அப்பாவிடம் சொல்லாதே, கெஞ்சிக் கேட்கிறேன். இன்னும் பதினோரு நெட்டைகள் வாங்குகிறார்கள். அதே படம்தான். செப்டம்பர் இரண்டாம் தேதி கூட்டத்தில் நான் கையெழுத்திட வேண்டும். என்ன செய்வதென்று தெரியவில்லை.

லௌத்தாரோ

மாட்ரிட்,
ஆகஸ்ட் 28, 2016

அன்புள்ள அண்ணா,

இரண்டு நாள் அழுதேன். உண்மையைச் சொன்னாயே, அதற்காக மறுபடி அன்புள்ள என்று எழுதுகிறேன்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். ஊசியும் மாத்திரையுமாக நடமாடுகிறார். அவரிடம் நான் சொல்லமாட்டேன். ஆனால் நீ அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. பழைய இடைவெளிதான் வேண்டும், என் அப்பாவுக்கு இப்படி ஆயிற்று என்று கூட்டத்தில் சொல். பதவி போனால் போகட்டும், உனக்குக் கை இருக்கிறது, படிப்பு இருக்கிறது. அதைச் செய்தால் நடந்ததை நான் மறந்துவிடுவேன், வாயைத் திறந்து ஒருநாளும் குத்திக்காட்டமாட்டேன். செய்யாவிட்டால் எனக்கு எழுதாதே.

மிரேயா

சாந்தியாகோ,
செப்டம்பர் 3, 2016

என் தங்கையே,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேசையைச் சுற்றி ஒன்பது பேர், எல்லாரும் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போடாவிட்டால் இன்னொருவன் போடுவான், அவன் மூன்று வரிசைக்குப் பதில் நான்கு நுழைப்பான். இப்போது தலைமை என்னிடம். உள்ளே இருந்துகொண்டு மெல்ல மெல்ல மாற்றுவேன், நம்பு.

பதினான்காம் தேதி அப்பா ஊர் திரும்ப முன் கேபினில் படுக்கை இருக்கை வாங்கியிருக்கிறேன். ராஜா மாதிரி படுத்துக்கொண்டு வரலாம். இதையாவது மறுக்காதே.

லௌத்தாரோ

மாட்ரிட்,
செப்டம்பர் 8, 2016

லௌத்தாரோவுக்கு,

படுக்கை இருக்கையைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். "பணக்காரங்க எடம் எனக்கு எதுக்கு? புள்ளை குடுத்த அந்த எடத்துலயே போறேன். இந்தத் தடவை காலை லேசா ஆட்டிக்கிறேன். அதுக்கு ஒண்ணும் சொல்லமாட்டாங்கல்ல?" என்றார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

வேறு நிறுவனத்தில் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். நானும் கூட வருகிறேன், மணிக்கொரு தரம் அவரை நடக்க வைக்க. பதினைந்தாம் தேதி காலையில் இறங்குகிறோம். விமான நிலையத்துக்கு வா, அப்பாவைக் கட்டிக்கொள், வீட்டுக்கு அழைத்துப் போ. நான் அங்கிருந்தே அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவேன். உன்னோடு பேச எனக்கு எதுவும் இல்லை.

சொல்லமாட்டேன் என்றது சொல்லமாட்டேன்தான். ஏன் உன் விமானத்தில் போகவில்லை என்று அப்பா கேட்டார். "அண்ணன் விமானத்துல எடமே இல்லப்பா, அவ்வளவு கூட்டம்" என்றேன். முகமெல்லாம் சிரிப்பு. கீழ் வீட்டுக்காரரிடம் போய் அதையும் சொல்லிவிட்டு வந்தார்.

மிரேயா